தலைகீழாய்த் துடித்த இதயம்

மாணிக்கவேல் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தான். முகம் மழித்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினான். ஒரு டம்ளருக்கு எவ்வளவு பால் என்பது இப்போது கைக்குப் பழகிவிட்டது. முதல் சில மாதங்கள் மிஞ்சிக்கொண்டே இருந்தது. வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டான். ஜன்னல் கட்டையில் இரவெல்லாம் படிந்திருந்த வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்தான். ரயில்வே லைனுக்கு அந்தப்புறம் பீங்கான் பட்டறைகளின் புகைபோக்கிகள் நிற்கும்வரை விருத்தாசலத்தில் அந்தத் துணிக்கு ஓய்வு கிடையாது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொளஞ்சி வந்தான். கடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாய் அதிகம் என்று பஸ் முதலாளி வேலையைவிட்டு அனுப்பினார். அந்த வாயோடு மாணிக்கவேலின் துப்பறியும் ஆபீசுக்கு வந்து உதவியாளாகச் சேர்ந்துகொண்டான்.

"சார், கீழ ஒரு பொண்ணு நிக்கிது. கையில மருதாணி. மூஞ்சியில எழவு. ரெண்டையும் ஒண்ணா நான் பாத்ததே இல்லீங்க."

"வரச் சொல்லு."

அவள் வந்து முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இருபதுக்கு மேல் ஒன்றிரண்டு வயது இருக்கும். மடியில் மஞ்சள் பை ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பேரு ஆண்டாளுங்க. நாளைக்குக் காலையில கொளஞ்சியப்பர் கோயில்ல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கக்கா வூட்டுக்காரரு. பேரு தர்மராஜ். பட்டறை வெச்சிருக்காரு."

"அக்கா?"

"கண்ணம்மாள். மாசி மாசம் செத்துப் போச்சிங்க. ஹார்ட் அட்டாக்குன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரு."

அவள் பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொத மொதல்ல பொண்ணு பாக்க வந்தப்ப அவரு கேட்டது என்னைங்க. மூத்தவ இருக்கையில இளையவள எப்படிக் குடுக்கிறதுன்னு எங்கப்பா அக்காவக் குடுத்தாரு. கட்டிக்கிட்டுப் போனதுலேருந்து அக்கா என்ன அந்த வூட்டுப் பக்கமே வரவுடாது. பொங்கலுக்குக்கூட அதுதான் இங்க வரும். அப்படிப்பட்ட அக்கா, சாவறப்ப, 'என் தங்கச்சிய நீங்களே கட்டிக்கங்க'ன்னு சொல்லிச்சாம். அவரு கையப் புடிச்சிக்கிட்டுச் சொல்லிச்சாம்."

"யார் கேட்டாங்க?"

"அவரு மட்டுந்தாங்க. ஆனா செத்தவ வார்த்தையத் தட்டக் கூடாதுன்னு எங்கப்பா முகூர்த்தம் வெச்சிட்டாரு." அவள் நிமிர்ந்தாள். "சாயங்காலம் நலங்கு. வளையக் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அக்கா நெசமாவே அப்படிச் சொல்லிச்சா, இல்லையா? அது எனக்கு நலங்குக்குள்ள தெரியணும்."

"சொல்லியிருந்தா?"

"தாலிய வாங்கிக்கிறேன். அக்கா கேட்டு நான் எதையும் மாட்டேன்னது இல்ல."

"சொல்லலைன்னா?"

அவள் மருதாணிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கொளஞ்சி தொண்டையைச் செருமினான். "ஏம்மா, என் பேருக்காரரு கோயில்ல பிராது எழுதிக் கட்டியிருக்கலாமே. நம்ம ஜனங்க ஆடு காணாமப் போனாலும் அங்கதான போவாங்க?"

"கட்டிட்டுதாங்க வரேன்."

"அப்ப நாங்க அப்பீலு கோர்ட்டு," என்றான் கொளஞ்சி. அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்ன அசைவு தெரிந்தது.

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அப்பா அதை அக்காவின் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருந்தாராம். கண்ணம்மாளின் இதயத் துடிப்பை மெஷின் வரைந்த காகிதப் பட்டை. பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, அச்சடித்த கட்டங்களுக்குள் வரிசையாக ஒட்டியிருந்தது.

மாணிக்கவேல் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். இந்த மாதிரி அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் பல மத்தியானங்கள் உட்கார்ந்திருந்தவன் அவன். மனைவிக்கு வால்வில் கோளாறு. பட்டையைப் படிப்பது எப்படி என்று அங்கே ஓர் இளம் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் படிப்பு மட்டும் மிஞ்சியது.

"என்னா சார், ராசி பலனா?"

"கொளஞ்சி, நல்ல இதயமோ கெட்ட இதயமோ, ஒவ்வொரு துடிப்புலயும் முதல்ல ஒரு சின்ன மேடு. அப்புறம் ஊசி மாதிரி ஒரு குத்து. அப்புறம் ஒரு பெரிய மேடு. வரிசை அப்படித்தான் இருக்கும்."

"புரியிது. ஜனம் ஏறும். விசிலு ஊதும். பஸ்ஸு நவுரும்."

"இங்க பாரு. மேடெல்லாம் பள்ளமா இருக்கு. பெரிசு முதல்ல. அப்புறம் குத்து. கடைசியில சின்னது."

கொளஞ்சி குனிந்து பார்த்தான். "பஸ்ஸு போயிடுச்சி. அப்புறம் விசிலு ஊதறான். அப்புறம் ஜனம் ஏறுது. எங்க முதலாளி இப்படி ஒரு பஸ்ஸு ஓட்டினா கம்பெனிய மூட வேண்டியதுதான்."

மாணிக்கவேல் அட்டையை அப்படியே தலைகீழாகத் திருப்பினான். அச்செழுத்துகள் கவிழ்ந்தன. துடிப்புகள் நிமிர்ந்தன. சின்ன மேடு, குத்து, பெரிய மேடு. பன்னிரண்டு துண்டிலும் வரிசை சரியாக வந்து நின்றது.

கொளஞ்சி விரலை வைத்து ஒவ்வொரு துண்டாக எண்ணிப் பார்த்தான்.

மாணிக்கவேலின் விரல் ஒரு துண்டின்மேல் நின்றது. குத்துக்கும் பெரிய மேட்டுக்கும் நடுவில் கோடு நேராகப் போகவில்லை. குழந்தையைப் படுக்கவைத்த தூளி மாதிரி தொய்ந்து தொங்கியது. அந்தத் தொய்வு அவனுக்குத் தெரியும். மனைவியின் பட்டையிலும் அது இருந்தது. பயப்படாதீர்கள், இது நோய் இல்லை, தினமும் சாப்பிடுகிற மாத்திரையின் வேலை என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்கக்கா இதயத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"தலைவலிக்கே சுக்கு அரைச்சிப் போட்டுக்குங்க அது. மாத்திரையக் கண்டாலே ஆவாது."

"சரி. வளையல் வாங்கிட்டு வீட்டுக்குப் போம்மா. நலங்குக்குள்ள வரேன்."

*

டாக்டர் கோதண்டபாணியின் நர்சிங் ஹோம் ஜங்ஷன் ரோட்டில் இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார். மாணிக்கவேல் திருப்பிக் காட்டினான். மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கருவேப்பிலங்குறிச்சியில ஒரு பிரசவ கேசு. நான் திரும்பி வர்றதுக்குள்ள இந்தம்மா போயிட்டாங்க. வாசல் முழுக்க ஜனம், அழுகை. அட்டை மேஜை மேல இருந்தது. கோடு மேடு கட்டி நின்னுது. மாரடைப்புக்கு அப்படித்தான் நிக்கும். இந்த வயசுக்கு அபூர்வம்னு நெனச்சேன். ஆனா பட்டை சொல்லுதேன்னு எழுதிட்டேன்." அட்டையைத் தம் பக்கம் இழுத்தார். "தொய்வைத் தலைகீழாப் பாத்திருக்கேன். அதான் மேடாத் தெரிஞ்சிருக்கு."

"இந்தத் தொய்வு டிஜிடாலிஸ் மாத்திரையால வரும். என் மனைவி சாப்பிட்டாங்க. இவங்க சாப்பிடலை."

"அப்ப அரளி," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "நம்ம ஊர் வேலியெல்லாம் மஞ்சளா பூத்துக் கெடக்குதே, அந்த விதை. இதயத்துல அதே வேலையைத்தான் செய்யும். உடம்பு?"

"எரிச்சாச்சு."

"அப்ப இந்த அட்டை ஒண்ணுதான் பாக்கி."

"இதை ஒட்டினது யாரு?"

கம்பவுண்டர் வந்தார். தாம்தான் ஒட்டியதாகச் சாதித்தார். கொளஞ்சி அலமாரியிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து மேஜைமேல் சீட்டு மாதிரி பரப்பினான். எல்லாம் கம்பவுண்டர் ஒட்டியவை. ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை.

"ஒண்ணு ரெண்டு தலைகீழா இருந்தா தப்புன்னு விட்டுடலாம்," என்றான் மாணிக்கவேல். "பன்னிரண்டும் ஒரே மாதிரி கவிழ்ந்திருக்கு. அது தப்பு இல்லை. ஒண்ணு, யாரோ திட்டம் போட்டுச் செஞ்சிருக்கணும். இல்லைன்னா..." அவன் முடிக்கவில்லை.

"இல்லைன்னா கம்பவுண்டர் ஐயா அன்னிக்கு தலைகீழா நின்னிருக்கணும்," என்று கொளஞ்சி முடித்து வைத்தான்.

கம்பவுண்டருக்கு வியர்த்துவிட்டது. "வெட்டி வரிசையா வெச்சது நாந்தாங்க. கட்டு போட ஒரு ஆளு வந்துட்டான். ஆயாவ ஒட்டச் சொல்லிட்டுப் போயிட்டேன். வீராயி. அது பேஷன்டுகிட்டதான் உக்காந்திருந்தது. அங்கியே வெச்சி ஒட்டிக் குடுத்துது."

"எங்க அவங்க?"

"இன்னிக்கு வரலீங்க."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அவளை வேலைக்குச் சேத்துக்கச் சொன்னதே தர்மராஜ்தான். அவர் பட்டறையில வேலை பாத்தவ. மாசியிலதான் இங்க சேர்ந்தா."

வெளியே வந்ததும் கொளஞ்சி சைக்கிள் பூட்டைத் திறந்தான். "கேஸு முடிஞ்சிது சார். முதலாளி வெஷத்தக் குடுத்தாரு. முதலாளி ஆளு பட்டையக் கவுத்துப் போட்டுது."

"டாக்டருக்கே தெரியாமப் போச்சு. தூளி தொங்கினா விஷம், மேடு நின்னா மாரடைப்புன்னு ஒரு ஆயாவுக்குத் தெரியுமா? பீங்கான் பட்டறைக்காரருக்குத் தெரியுமா?"

கொளஞ்சி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "தெரியாதுங்க."

"தெரியாத ஒண்ணைத் திட்டம் போட முடியாது. பட்டறையைப் பாக்கணும்."

*

தர்மராஜின் பட்டறை லைனுக்கு அந்தப்புறம் கடைசியில் இருந்தது. வேப்பூர் ரோட்டில் டீக்கடை வைக்கப்போவதாகவும் கப்பு பார்க்க வந்ததாகவும் கொளஞ்சி சொன்னான். தர்மராஜ் தானே எழுந்து வந்தார். முப்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, பணிவான சிரிப்பு.

உள்ளே நீளப் பலகைகளில் கப்புகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் முன்னால் பெண்கள் உட்கார்ந்து பூப்படம் ஒட்டினார்கள். தட்டுத் தண்ணீரில் காகிதம் ஊறிக் கிடந்தது. அதிலிருந்து ரோஜாப் படம் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

"என்னாங்க, பூவெல்லாம் தலைகீழாத் தொங்குது? வௌவாலு கப்பா?" என்றான் கொளஞ்சி.

பெண்கள் சிரித்தார்கள். தர்மராஜும் சிரித்தார். ஒரு கப்பை எடுத்து நிமிர்த்திக் காட்டினார். ரோஜா நேராக நின்றது.

"மண்ணு பொடி உள்ள வுழக் கூடாதுங்க. அதனால கப்பு கவுந்தேதான் இருக்கும். அதுக்குத் தக்கன படத்தையும் கவுத்து ஒட்டணும்."

மாணிக்கவேல் அதைக் காதில் வாங்கவில்லை. கோடியில் இருந்த பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்துப் பெண்ணிடம் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண் வேலையில் இல்லை. கை மட்டும் தண்ணீரிலிருந்து படத்தை எடுத்தது. எடுத்த வேகத்திலேயே அரைச்சுற்று சுற்றியது. கப்பில் பதிந்தது. அடுத்த படம். அதே அரைச்சுற்று. அவளைக் கேட்டால் திருப்பியதே தெரியாது என்பாள்.

டாக்டரின் மேஜையில் அவன் முடிக்காமல் விட்ட வாக்கியம் தானாக முடிந்தது. திட்டம் இல்லை. பழக்கம்.

"உங்கள எங்கியோ பாத்திருக்கேனே," என்றார் தர்மராஜ், கொளஞ்சியிடம். "கடலூர் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு இல்ல?"

"ஆமாங்க. சில்லறைக்குச் சண்டை போட்டு அலுத்துப் போச்சி. அதான் டீயாத்தலாம்னு."

"நல்லதுங்க." தர்மராஜ் திரும்பினார். சிரிப்பு மாறவில்லை. "மாணிக்கவேல் சாருக்கும் டீக்கடையில பங்குங்களா?"

மாணிக்கவேலின் பெயரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சின்ன ஊரு சார். காலையில என் மச்சினி உங்க மாடியேறினத வளையக் கடைக்காரரே பாத்துட்டுச் சொல்றாரு. பாவம், அக்கா போன துக்கம், ஏதேதோ நெனைக்கிறா. கல்யாணம் ஆனா சரியாயிடும். நீங்களும் வந்து ரெண்டு அட்சதை போட்டுட்டுப் போங்க." கைகூப்பினார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்கட்டில் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது.

குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கொளஞ்சி நின்றான். "வீராயி அக்கா எங்க, தங்கச்சி? சொந்தக்காரங்க வந்திருக்கம்."

"இப்ப போனா பஸ் ஸ்டாண்டுல புடிக்கலாம்ணே. சேத்தியாத்தோப்புல தம்பி வூட்டுக்குப் போவுது. கல்யாணம் முடிஞ்சப்பறம் வந்தாப் போதும்னு மொதலாளியே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாராம்."

ஒரே சைக்கிள். கொளஞ்சி மிதித்தான். மாணிக்கவேல் பின்னால் உட்கார்ந்தான். ரயில்வே கேட் பாதி இறங்கியிருந்தது. கொளஞ்சி வேகத்தைக் குறைக்காமல் குனிந்தான். மாணிக்கவேலும் குனிந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் தண்டவாளத்துக்கு மறுபுறம் வந்து நின்று உறுமியது. சரக்கு வண்டி ஒன்று அவசரமே இல்லாமல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"வாழ்க ரயில்வே இலாகா," என்றான் கொளஞ்சி மூச்சு வாங்க.

*

சேத்தியாத்தோப்பு பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கொளஞ்சி சைக்கிளை அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

கண்டக்டர் படியில் தொங்கினார். "யோவ் கொளஞ்சி, வேலைய வுட்டுத் தொரத்தியும் பஸ்ஸ வுடமாட்டியா நீ?"

"ஒரு டிக்கெட்ட எறக்கிக்கிறன்பா. அப்புறம் நீ பரலோகத்துக்கே போ."

ஜன்னலோரம் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள் வீராயி. நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண்மணி. தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறங்கி வந்தாள். டைம்கீப்பர் அறையில் உட்காரவைத்தார்கள். நெஞ்சுக்கூடு ஏறி இறங்க இருமினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

மாணிக்கவேல் அறையைச் சுற்றிப் பார்த்தான். மேஜைமேல் பசைக்கிண்ணமும் கோயில் திருவிழா நோட்டீசும் இருந்தன. நோட்டீசின் உச்சியில் மயில்மேல் முருகன்.

"இதை அந்தப் பலகையில ஒட்டுங்கம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு, சொன்னதைச் செய்து பழகியவள் போல எழுந்தாள். பசை தடவினாள். கண் வாசலிலேயே இருந்தது. கை நோட்டீசை எடுத்தது. அரைச்சுற்று சுற்றியது. பலகையில் பதித்து நீவிவிட்டது.

"எக்கா," என்றான் கொளஞ்சி, "முருகரு சிரசாசனம் பண்றாரு பாருங்க."

வீராயி திரும்பிப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள். "பட்டறை பழக்கங்க. கையி சொன்னா கேக்க மாட்டேங்குது."

மாணிக்கவேல் அட்டையை அவள் முன்னால் வைத்தான். அரளி விதையைப் பற்றிச் சொன்னான். கவிழ்ந்த பட்டை அதை எப்படி மாரடைப்பாகக் காட்டியது என்று சொன்னான். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"நான் நேரா ஒட்டியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்குமா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை மாணிக்கவேலும் ஒருமுறை ஒருவரிடம் கேட்டிருக்கிறான். அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் இன்னும் அவனுக்கு முடியவில்லை.

"இல்லை," என்றான் உடனே. "டாக்டர் வர்றதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு. உங்க கையால எதுவும் நடக்கலை."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொளஞ்சி தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து கூட்டாளி என்று துரத்தி வந்த ஆள் கூட்டாளி இல்லை. தர்மராஜ் மறைக்கப் பார்த்தது பட்டையையும் இல்லை. பட்டையில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் மறைக்கப் பார்த்தது இந்தப் பெண்மணியை.

"நீங்க கண்ணம்மாள் பக்கத்துலயே உக்காந்து ஒட்டினீங்க," என்றான் மாணிக்கவேல். "அவங்க கடைசியாப் பேசினதைக் கேட்டது நீங்கதான்."

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தர்மராஜ் இறங்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு அங்கிருந்தே பேசினார்.

"வீராயி, பஸ்ஸு உனக்காக நிக்கிது பாரு."

அவள் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தணிந்த குரலில், மாணிக்கவேலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மண்ணு பொடியில எனக்கு நெஞ்சி அடைச்சிப் போச்சிங்க. அவருதான் ஆஸ்பத்திரியில சேத்துவுட்டாரு. அவரு போட்ட சோறுங்க."

மாணிக்கவேல் அட்டையோடு வெளியே வந்தான். "இதை நேராப் பிடிச்சுப் பாத்தாச்சு தர்மராஜ். டாக்டரும் பாத்துட்டாரு. இது மாரடைப்பு இல்லை, அரளி."

அந்தச் சிரிப்பு கொஞ்சம் நின்றது. பிறகு திரும்ப வந்தது. "இருக்கலாம் சார். எதையோ தின்னுட்டா போலருக்குது. யாரு குடுத்தான்னு அட்டையில எழுதியிருக்குதுங்களா?"

எழுதியிருக்கவில்லை. அது மாணிக்கவேலுக்கும் தெரியும்.

"முகூர்த்த வேலை கெடக்குது. வரேன் சார்," என்று தர்மராஜ் வண்டியைத் திருப்பினார்.

அறைக்குள் வீராயி எழுந்து நின்றிருந்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸைப் பார்த்தாள். கொளஞ்சி வழியை மறிக்கப் போனான். மாணிக்கவேல் வேண்டாம் என்று கையை அசைத்தான்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு கழுத்துல அவர் தாலி கட்டப் போறாரு," என்றான். "அவங்க அக்காவே சொன்னதா நெனச்சுக்கிட்டு அவ கழுத்தை நீட்டப் போறா. போறதுன்னா போங்கம்மா."

பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. வீராயி துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்ல மாட்டேங்க," என்றாள் கடைசியில். "அது உங்களுக்குச் சொன்ன வார்த்தை இல்ல. அந்தப் பொண்ணுக்குச் சொன்னது. அது மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவேன்."

*

பந்தலில் வாழை கட்டியிருந்தது. மனைப்பலகையில் ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள். கன்னத்திலும் கையிலும் பெண்கள் சந்தனமும் மஞ்சளும் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா நல்லமுத்துவின் பக்கத்தில், நாற்காலியில் தர்மராஜ். முன்பே வந்துவிட்டிருந்தார்.

வீராயியைப் பார்த்ததும் எழுந்தார். "மாமா, நான் சொன்னேனே, அந்த ஆளுங்க இவங்கதான். நல்ல காரியம் நடக்கிற வூடு. அனுப்பிச்சிடுங்க."

நல்லமுத்து துண்டை இடுப்பில் இறுக்கினார். "யாருய்யா நீங்க? என் மவ சாவறப்ப கேட்ட ஒரே வார்த்தை. அத நெறவேத்தவுடாமப் பண்ணத்தான் வந்தீங்களா?"

"அந்த வார்த்தைய விசாரிக்கத்தாங்க வந்தோம்," என்றான் மாணிக்கவேல்.

பந்தல் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. டாக்டர் கோதண்டபாணி. அவருக்குப் பின்னால், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர். டாக்டர் தாமே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். கொளஞ்சி இருவருக்கும் வழிவிட்டு, அந்த வழியிலேயே நின்றுகொண்டான். இப்போது தர்மராஜ் வெளியே போவதென்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆண்டாள் மனையைவிட்டு எழுந்தாள். யாரோ ஒரு கிழவி, "நலங்கு பாதியில எழுந்திரிக்கக் கூடாதுடி," என்றாள். அவள் கேட்கவில்லை. மஞ்சள் வழியும் முகத்தோடு வீராயியின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க இருந்தீங்களாக்கா? எங்கக்கா என்ன அவரக் கட்டிக்கச் சொல்லிச்சா?"

"வீராயி," என்றார் தர்மராஜ். அவ்வளவுதான் சொன்னார். அதட்டவும் இல்லை.

வீராயி அவர் பக்கம் திரும்பவில்லை. இருமல் வந்தது. அடங்கும்வரை நின்றாள்.

"இல்லம்மா. நான் பசையும் கையுமா அது தலமாட்டுல உக்காந்திருந்தேன். இவரு டம்ளர்ல ஏதோ ஊத்தி வாய்கிட்ட கொண்டு போனாரு. அது ஒதட்ட மூடிக்கிச்சி. மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. இன்னுங் கொஞ்சம் குடி, குடிச்சாத்தான் சரியாவும்னாரு. அது தலைய ஆட்டிச்சி. இவரு டம்ளரோட வெளிய போனாரு. அப்பத்தான் என் கையப் புடிச்சிது. கையெல்லாம் பசை. அதையும் பாக்காம இறுக்கிப் புடிச்சிக்கிச்சி. பேச்சி தெளிவா இருந்தது."

சப்-இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"என்ன சொல்லிச்சி?" என்றாள் ஆண்டாள்.

"'இனிமே அவரு கையால எனக்கு ஒண்ணும் வேணாங்கக்கா. எங்க ஆண்டாளுக்கும் வேணாம்னு சொல்லிடுங்க.'"